பதினாலாம் எண் மீட்டர்

திருடன் மாதிரி யோசி என்றார் காண்ட்ராக்டர்.
யோசித்தேன்.
தட்டாஞ்சாவடி ஷெட்டில் மூன்று வாரம்
திருடியாகவே டீ குடித்தேன்.

திருகாணித் தலை வெளியே தெரியக் கூடாது,
தெரிந்தால் எவனுக்காவது விரல் அரிக்கும்.
கீல் உள்ளே.
காசு போகும் பாதையை ஏழு போல் மடக்கி
அதன் கீழே இன்னொரு ஏழு:
தூண்டில் போட வரும் கம்பி
முதல் முனையிலேயே மூக்கை இடித்துக்கொள்ளும்.
மணலைக் கொட்டினால்
அடியில் விட்ட துவாரம் வழியாக
அது தன்பாட்டுக்கு வீதியில் இறங்கும்.
தலையைச் சாய்த்து வைத்தேன்.
டீ கிளாஸ் நிற்காது, பீர் பாட்டில் நிற்காது,
காக்கா மட்டும்
எப்படியோ நிற்கிறது.

அந்துவான் வெல்டிங் முகமூடியைத் தூக்கிக் கேட்டான்:
"நாப்பது ரூபா சில்லறைக்கா இவ்ளோ இரும்பு?"
"நாப்பதுக்கு மேல தங்காத மாதிரிதான்
பெட்டியைச் சின்னதா வச்சேன்."
அவன் முகமூடியை இறக்கிக்கொண்டான்.
உள்ளே சிரித்தானா என்று தெரியவில்லை.

மிஷன் வீதியில் முப்பது நட்டோம்.
பொங்கலுக்குள் பதினோரு கண்ணாடி காலி.
அதில் நாலு, பதினாலாம் எண்ணுக்கே.
பூட்டில் கீறல் இல்லை.
காசு ஒன்றும் குறையவில்லை.
முகத்தில் மட்டும் அடி.

திருடனை எனக்குத் தெரியும்,
மூன்று வாரம் அவனாக இருந்தவள்.
இது வேறு ஆள்.

ராத்திரி இரண்டு மணிக்குப் போனேன்.
பையில் டிரில், கடப்பாரை, ஒரு கிலோ சுத்தியல்.
என் பூட்டை நானே நெம்பிப் பார்த்தேன்,
நாற்பது நிமிஷம்.
டிரில் முனை இரண்டு உடைந்தது.
சந்தோஷத்தில் நிமிர்ந்தால்
எதிரே சிவப்புத் தொப்பி.
தெய்வசிகாமணி என்றது சட்டைப் பெயர்.

"யாரும்மா நீ?"
"இதைச் செஞ்சவ."
"செஞ்சவங்க ஏன் உடைக்கிறீங்க?"

நியாயமான கேள்வி.
டிராயிங்கைக் காட்டினேன்.
அந்துவானைப் போனில் எழுப்பினேன்.
அந்தப் பாவி ஸ்பீக்கரில்,
"எந்தப் பொம்பளை? எனக்குத் தெரியாதே" என்று சொல்லி
கொட்டாவி விட்டு
அப்புறம்தான் சிரித்தான்.

கான்ஸ்டபிள் மீட்டரைச் சுற்றி வந்தார்.
"தொறந்துச்சா?"
"இல்ல சார்."
"தள்ளுங்க, பாப்போம்."

தொப்பியைக் கழற்றி அதன் மேலேயே வைத்தார்.
வழுக்கி விழுந்தது.
லத்தியால் முதல் அடி, டியூட்டிக்கு அடிப்பது போல.
இரண்டாவது கொஞ்சம் பலமாக.
"மூணு மாசமா லீவு தரல" என்று மூன்றாவது.
நாலாவதற்கு ஒரு பெயர் சொன்னார்,
இங்கே எழுத மாட்டேன்.
ஐந்தாவது அடிக்கு ஒன்றும் சொல்லவில்லை.
கண்ணாடி சிலந்தி வலையாகி உதிர்ந்தது.

தொப்பியின் மண்ணைத் தட்டியபடி
"சாரிம்மா, கை கொஞ்சம்..." என்றார்.
முகம் அப்போதுதான் குளித்தது போல் இருந்தது.

காலையில் டிராயிங்கை மறுபடி பிரித்தேன்.
எஃகு முகத்துக்கு முன்னால்
முப்பத்தைந்து ரூபாய் அக்ரிலிக் தகடு,
திருகாணி வேண்டாம், நாலு கிளிப் போதும்.
ஒரே அடியில் போக வேண்டும்,
போகும்போது நல்ல சத்தம் வர வேண்டும்.
சத்தத்துக்காகவே மூன்று கனம் மாற்றிப் பார்த்தோம்,
அந்துவான் காதை வைத்துத் தேர்ந்தெடுத்தான்.

கொட்டேஷனில் 'பயன்' என்ற கட்டத்தில்
அடி வாங்க
என்று எழுதினேன்.
கணக்குப் பிரிவில் அதை அடித்துவிட்டு
மழைத் தடுப்பு என்று திருத்தினார்கள்.

இப்போது பதினாலில் மாதம் இரண்டு தகடு போகிறது.
யாரென்று நான் கேட்பதில்லை.
பெட்டியில் சில்லறையோடு
ஒரு வாஷர், ஒரு சட்டைப் பித்தான்.
பூட்டு அப்படியே.

போன வியாழக்கிழமை
ஏழு நிமிஷம் தாமதத்துக்கு
என் ஸ்கூட்டியில் ஃபைன் ரசீது ஒட்டியிருந்தது.
இரண்டு பக்கமும் பார்த்தேன்.
தெருவில் யாரும் இல்லை.

சத்தம்
நன்றாகத்தான் வருகிறது.